தமிழுக்கு ஒத்துவராதாம்!

"தமிழ்ல க்ரிப்டிக் எல்லாம் வராது சார். அது இங்கிலீஷுக்குன்னே பிறந்த விளையாட்டு."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கான்பூரில் இருந்தபோது கேட்டேன், வடோதராவில் கேட்டேன், இப்போது நாக்பூரிலும் கேட்கிறேன். (பேங்க் உத்தியோகம். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், நாற்பது அட்டைப்பெட்டி, ஒரு ஸ்கூல் டி.சி. உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான்.) இதில் விசேஷம் என்னவென்றால், சொல்கிற அத்தனை பேரும் தமிழர்கள். ஒரு மராட்டிக்காரரோ குஜராத்திக்காரரோ தமிழைப் பற்றி இப்படித் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. தெரியாத விஷயம் என்று அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். நமக்கும் தெரியாது, ஆனால் பேசாமல் இருக்க மாட்டோம்.

வெறும் தப்பான அபிப்பிராயம் என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்தப் பேச்சு நம் பிள்ளைகள் காதில் விழுகிறது. மூளைக்கு வேலை என்றால் இங்கிலீஷ், பசித்தால் தமிழ் என்று அவர்கள் மனசில் ஒரு கோடு போட்டுவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு கோபமாக ஒரு பதிவு.

முதலில், இந்தப் பக்கமே வராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

சாதாரணக் குறுக்கெழுத்தில் 'யானை (3)' என்று இருக்கும். களிறா, வேழமா என்று கட்டத்தைப் பார்த்து எழுத வேண்டியதுதான். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் அடுத்தது. க்ரிப்டிக் அப்படி இல்லை. துப்பு பார்க்க ஒரு சாதாரண வாக்கியம் மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் விடையை இரண்டு தடவை சொல்லியிருப்பார்கள். ஒரு பக்கம் விடையின் அர்த்தம். மறுபக்கம் அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டுகிற வழி. எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் மறைத்து வைத்திருப்பார்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது பழகின சமாசாரம். 1494இல் வெனிஸில் அச்சான தன் புத்தகத்தில் லூகா பாசியோலி என்கிற பாதிரியார் விளக்கி வைத்த இரட்டைப் பதிவு முறையேதான். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்தால் ராத்திரி வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் உட்கார்ந்து தேட வேண்டும். ஓர் உதாரணம்:

தங்கத்தின் தலைக்குப் பின்னால் எலி வீடு, மழை வந்தால் கச்சேரி செய்யும் (3)

தங்கத்தின் தலை என்றால் 'த'. எலியின் வீடு 'வளை'. சேர்த்தால் தவளை. மழை வந்தால் கச்சேரி செய்கிற ஜென்மமும் அதேதான். இந்தப் பக்கமும் தவளை, அந்தப் பக்கமும் தவளை. கணக்கு டேலி! அடைப்புக்குள் இருக்கும் 3, எழுத்துக் கணக்கு: த, வ, ளை. உயிர்மெய் ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டம்.

இப்போது சொல்லுங்கள், இதில் எந்த இடம் தமிழுக்கு ஒத்துவரவில்லை?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். குறுக்கெழுத்து நம் சரக்கு இல்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் போட்டதுதான் முதல் கட்டம் என்பார்கள். அதில் க்ரிப்டிக் கிடையாது, நேரடி அர்த்தம்தான். அதைச் சுற்றி வளைத்துக் கேட்க ஆரம்பித்தது பிரிட்டனில், 1920களில். அப்சர்வர் பத்திரிகையில் 1926 முதல் டார்க்கமாடா என்ற புனைபெயரில் ஒருவர் போட்டுத் தாக்கினார். அவர் போன பிறகு 1939இல் அந்த இடத்துக்கு வந்த ஸிமெனீஸ், துப்பு நேர்மையாக இருக்க வேண்டும் என்று சட்டதிட்டம் வகுத்து 1966இல் ஒரு புத்தகமே எழுதினார். (பேங்க்காரர்களுக்காக ஓர் உபரித் தகவல்: இன்ஸ்பெக்டர் மோர்ஸ் என்று துப்பறியும் கதைகளில் வருகிறாரே, அவருக்கு அந்தப் பெயர் ஜெரமி மோர்ஸ் என்பவரிடமிருந்து வந்தது. அந்தக் கதைகளை எழுதிய காலின் டெக்ஸ்டரும் அவரும் ஒரே க்ரிப்டிக் போட்டியில் மோதிக்கொண்டவர்கள். ஜெரமி மோர்ஸுக்குப் பகலில் என்ன வேலை தெரியுமா? 1977 முதல் 1993 வரை லாயிட்ஸ் பேங்க் சேர்மன். நமக்கு மார்ச் மாதத்தில் டிபன் சாப்பிடவே நேரமில்லை. :-))

ஆக, கட்டம் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. "எங்க தாத்தா அப்பவே கண்டுபிடிச்சுட்டார்" கோஷ்டியில் நான் சேரவில்லை. ஆனால் கட்டம் யார் போட்டது என்பது ஒரு கேள்வி. அந்தக் கட்டத்தில் போட நம்மிடம் சரக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

தண்டியலங்காரம் என்று ஒரு இலக்கணப் புத்தகம். 12ஆம் நூற்றாண்டு என்று சொல்வார்கள். அதில் சித்திரகவி வகைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. மாலைமாற்று, முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்று. எழுத்துவருத்தனம், எழுத்தைக் கூட்டிக் கூட்டி வேறு வேறு சொல் பண்ணுவது. அக்கரச்சுதகம், எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு வேறு சொல் பண்ணுவது. கரந்துறைச் செய்யுள், ஒரு பாட்டின் எழுத்துக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது. இங்கிலீஷ் க்ரிப்டிக் புத்தகத்தைத் திறந்தால் முதல் நாலு அத்தியாயம் இதுதான்.

வினாவுத்தரம் என்று ஒன்று அதே பட்டியலில் உண்டு. அதற்கு உதாரணமாக வரும் பாட்டில் லட்சுமிக்கு இன்னொரு பெயர் என்ன, போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான், சண்டையில் விடும் சரத்துக்கு என்ன பெயர், அழகுக்கு என்ன பெயர் என்று நாலு கேள்வி. விடைகள்: திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்துப் படித்தால் திருவேகம்பம். கடைசிக் கேள்வி, சிவன் இருக்கும் இடம் எது என்பது. காஞ்சிபுரத்து ஏகம்பம்! துண்டு துண்டாகக் கட்டும் வழியும் இருக்கிறது, முழுச் சொல்லுக்கு அர்த்தமும் இருக்கிறது. எழுத்தெண்ணிக்கையை மட்டும் அடைப்புக்குள் போட்டால் இன்றைக்கே பேப்பரில் அச்சடிக்கலாம்.

காளமேகத்தை விட்டுவிட்டேனே. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டு, பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு என்று சிலேடையில் புகுந்து விளையாடியவர். அவர் பிறந்த மொழிக்கு இரட்டை அர்த்தம் வராது என்கிறார் நம்ம சார், அதையும் தமிழிலேயே சொல்கிறார்.

சரி, பழம்பெருமை போதும். பழம்பெருமை பேசிவிட்டுக் கையைக் கழுவுவது நம் இன்னொரு வியாதி. இன்றைய தமிழில் வருமா என்று பார்ப்போம்.

இது எழுத்துக் குறைப்பு: தலை போனால் மீன் சிக்குவது, போகாவிட்டால் தூக்கத்தைக் கெடுப்பது (3). கவலை. தலையை எடுத்தால் வலை.

இது உள்ளே நுழைப்பது: வாலுக்கு நடுவில் முதல் ஸ்வரம், கோலம் போடும் இடம் (3). வால் என்பதன் நடுவே 'ச' போட்டால் வாசல். ஏழு ஸ்வரமும் ஏழு எழுத்தாகக் கிடைக்கிற வசதி வேறு!

இது பல அர்த்தம்: பிள்ளையிடம் சொல்வது, மாடிக்கு வேண்டியது, சம்பளத்தோடு வருவது (2). படி. பஞ்சப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு இந்தத் துப்பு ஞாபகம் வரும்.

இப்போது என் ஃபேவரிட்:

மாலையில் காலை எடுத்துவிட்டால் முருகன் நிற்கும் இடம் (2)

சாயங்காலம், விடியற்காலம் என்று மனசு எங்கெங்கோ போகும். போகட்டும், அதற்குத்தான் எழுதியது. 'மாலை' என்ற சொல்லில் 'மா'வுக்கு ஒரு கால் இருக்கிறது பாருங்கள், துணைக்கால். அந்தக் காலை எடுங்கள். மலை!

இதை இங்கிலீஷில் செய்து காட்டுங்கள் பார்க்கலாம். அவர்கள் எழுத்தை எடுக்கலாம், சேர்க்கலாம், குலுக்கலாம். எழுத்தின் காலை உடைக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் எழுத்துக்கு இலக்கணம் வைத்த கால் இல்லை. நம் எழுத்துக்குக் கால் உண்டு, கொம்பு உண்டு, புள்ளி உண்டு. பாலில் கால் போனால் பல். நாட்டுக்குக் கால் போனால் நடு. இவ்வளவு ஆயுதம் வைத்துக்கொண்டு 'ஒத்துவராது' என்று சொல்கிறவரை என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி மடக்குவார்கள். "எழுத்தைக் குலுக்கிப் போடுவதுதான் க்ரிப்டிக்கின் உயிர். தமிழில் அது நடக்காது. இங்கிலீஷில் 26 எழுத்து, நமக்கு 247." இது நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியதுதான். 'கவலை'யைக் குலுக்கினால் 'கலவை' வரும் போலத் தோன்றும், ஆனால் வராது. ஒன்றில் 'லை', மற்றதில் 'வை'. ஐகாரம் எந்த எழுத்தின் மேல் உட்கார்ந்ததோ அதைவிட்டு எழுந்து வராது. ஆகவே குலுக்கிக் கிடைக்கும் ஜோடி நம்மிடம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிடைத்தால்?

குழம்பிப்போன நகரம், பாவிகளுக்குக் கடைசி ஸ்டேஷன் (4)

நகரத்தைக் கலைத்துப் போட்டால் நரகம். பம்பாய் லோக்கலில் எட்டரை மணிக்கு ஏறினவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

247 எழுத்து விஷயத்தில் கஷ்டம் யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். கட்டம் போடுகிறவருக்குத்தான் கஷ்டம். குறுக்கும் நெடுக்கும் எழுத்துப் பொருந்த அவர் படாதபாடு பட வேண்டும், கறுப்புக் கட்டம் கொஞ்சம் அதிகமாகத்தான் விழும். விடுவிக்கிறவருக்கோ லாபம். இங்கிலீஷ் கட்டத்தில் ஒரு 'ஈ' விழுந்தால் ஒன்றும் தெரியாது. தமிழில் ஒரு 'ழ' விழட்டும், பாதி விடை கிடைத்த மாதிரி.

"யார் செய்திருக்கிறார்கள்?" என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் 2000களிலேயே இந்த வகைத் தமிழ்க் குறுக்கெழுத்து வந்திருக்கிறது. ஊரைவிட்டுப் போனவர்கள் நடத்தும் பத்திரிகை என்பதைக் கவனியுங்கள். ஊரில் இருக்கும் நம் வார இதழ்களில் பெரும்பாலும் என்ன வருகிறது? 'பழைய கதாநாயகி (திரும்பியிருக்கிறார்)'. 'பூ (கலைந்துள்ளது)'. திரும்பியதையும் கலைந்ததையும் அடைப்புக்குள் போட்டு உடைத்துவிட்டால் அப்புறம் என்ன புதிர்? வாசகருக்குப் புரியாது என்று ஆசிரியரே முடிவு செய்துவிடுகிறார். அந்த வாசகர்தான் காலையில் ஹிந்து பேப்பர் க்ரிப்டிக்கை அரை மணியில் முடித்துவிட்டுக் காபி குடிக்கிறார்.

எங்கள் வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாக்பூர் வெயில் இறங்கினதும், எங்கள் பால்கனியில் கூடுவோம். ரயில்வேயில் ரிட்டயர் ஆன மாமா ஒருவர், திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், பாலக்காட்டு மாமி ஒருவர், நான், தங்கமணி. அவரவர் வாரம் முழுக்க யோசித்த துப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் விடுவித்த பிறகு விசாரணை நடக்கும். விசாரணைதான் முக்கியம்.

ஒரு வாரம் அண்ணாச்சி கொண்டுவந்தார்: காலையில் வந்த பால் ஒளித்து வைத்த கடிதம் (3). 'வந்த பால்' என்பதற்குள் 'தபால்' ஒளிந்திருக்கிறது. அசல் கரந்துறை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மாமா மட்டும் கையைத் தூக்கினார்.

"தபால் சரி அண்ணாச்சி. அந்தக் 'காலையில்' எதுக்கு?"

"என்ன மாமா இப்படிக் கேக்கிய? காலைலதான பால் வரும்? அப்பத்தான படம் கண்ணுல நிக்கும்."

"படம் நிக்கட்டும். தபாலோட அர்த்தத்துலயும் அது இல்லை, எழுத்துலயும் இல்லை. வித்தவுட்ல வருது. அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விடுங்கோ."

அரை மணி நேரம் சண்டை. கடைசியில் 'காலையில்' இறங்கிப் போனது. வந்த பால் ஒளித்து வைத்த கடிதம் (3). ஐந்தே சொல், ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் இருக்கிறது. நான் இருபது வருஷமாகச் சரிபார்க்கிற வவுச்சர்களில் இவ்வளவு சுத்தமானது குறைவு. ஸிமெனீஸ் புத்தகம் போட்டுப் போராடின விஷயத்தை மாமா ஒரு ரயில்வே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மாலை-மலை துப்புக்கும் விசாரணை நடந்தது. துணைக்கால் தனி எழுத்தா, அதை எடுப்பது நியாயமா என்று மாமி கேட்டார். மாமா, அந்தக் காலத்து அச்சுக்கோர்ப்பில் கால் தனி அச்சாகவே இருந்தது, எடுக்கலாம் என்றார். ஆனால் 'னா', 'றா', 'ணா' மூன்றுக்கும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் தனிக் கால் கிடையாது, சுழித்து எழுதுவோம் என்று பேப்பரில் வரைந்து காட்டினார். "ஆகையால 'கனா'வோட காலை 1978 வரைக்கும் யாரும் உடைச்சிருக்க முடியாது." அன்றைக்குத்தான் பழைய 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொக்கி இருந்ததை என் மகள் முதல் தடவையாகப் பார்த்தாள். எந்தப் பாடப் புத்தகம் இதைச் சொல்லிக்கொடுக்கும்?

மகளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

வயசு பதினைந்து. ஸ்கூலில் இங்கிலீஷ், இந்தி, சமஸ்கிருதம். ரோட்டில் மராட்டி. தமிழ் வீட்டில் பேசுவாள், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். உங்கள் வீட்டிலும் ஒன்று இப்படி இருக்கும். ஊரிலிருந்து வந்த காபிப்பொடி பாக்கெட்டில் 'கோவில் நகரம் கும்பகோணம்' என்று அச்சடித்திருந்தது. அவள் நிதானமாக 'கோவில் நரகம்' என்று வாசித்தாள். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. ரயில்வே மாமாதான், "சிரிக்காதீங்கோ, குழந்தை ஒரு துப்பு கண்டுபிடிச்சிருக்கா" என்றார். மேலே நீங்கள் படித்த நகரம்-நரகம் துப்பு, அவளுடையது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். தமிழ் தண்ணீர்பட்டபாடாக வருகிற நாம் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. சொல்லைப் பார்த்ததும் அர்த்தத்துக்குத் தாவிவிடுகிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைதான் ஒவ்வொரு எழுத்தின் முன்னாலும் நின்று போகிறது. க்ரிப்டிக்குக்கு வேண்டிய கண் அதுதான். எதைக் குறை என்று சொல்லி நாம் சிரிக்கிறோமோ அது இந்த விளையாட்டில் முதல்.

அடுத்த மாதம் அவளே ஒன்று கொண்டுவந்தாள்: சாம் என்கிற வெள்ளைக்காரரைப் பார், இட்லிக்குத் துணை (4). சாம், பார். சாம்பார்! மாமி எழுந்து போய் அவளுக்கு ஒரு டம்ளர் ரோஸ்மில்க் கொண்டுவந்து கொடுத்தார். வெளியூர்த் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி மனப்பாடம் ஒப்பித்தபோது வராத வெளிச்சம் அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது. ஆத்திசூடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒப்பிப்பதோடு நின்றுவிட்டால், தமிழ் என்பது பெரியவர்கள் தன்னைப் பரீட்சை வைக்கும் மொழி என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். பெரியவர்களைத் தான் மடக்கக்கூடிய மொழி என்றும் ஒரு தடவையாவது தெரிய வேண்டாமா?

"இதனால் என்ன பிரயோஜனம்? மார்க் வருமா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். இங்கிலீஷ்காரர்கள் இதற்குச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறார்கள். 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் ஒரு போட்டி வைத்தது. பன்னிரண்டு நிமிஷத்துக்குள் கட்டத்தை முடிக்க வேண்டும். கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது, ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் வேலை. நடந்த கதைதான். ஆனால் அதைக் காட்டி இதை உங்களிடம் விற்க நான் வரவில்லை. பிரயோஜனம் பார்த்துத்தான் தமிழ் என்றால், கான்பூரிலும் நாக்பூரிலும் பிறக்கிற பிள்ளைக்குத் தமிழே தேவையில்லை. அந்தக் கணக்கில் நாம் எப்போதோ தோற்றாகிவிட்டது. வேறு கணக்கு ஒன்று இருக்கிறது: எந்த மொழியில் பிள்ளை சிரித்து விளையாடுகிறதோ அந்த மொழி அதனிடம் தங்கும். வேலைக்காக மட்டும் கற்றது வேலை மாறினால் போய்விடும். நான் கற்ற குஜராத்தி போன மாதிரி.

சில வருஷம் முன்பு, எங்கள் பக்கத்துப் பொங்கல் விழாக் குழுவில் இதற்குக் கால் மணி நேரம் கேட்டேன். ஒரு பலகை, பத்துத் துப்பு, பிள்ளைகளும் பெரியவர்களும் கோஷ்டியாக உட்கார்ந்து விடுவிக்கட்டும் என்றேன். "ஜனங்களுக்குப் புரியாது சார்" என்று பதில். சினிமாப் பாட்டு அந்தாக்ஷரிக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். பாட்டு வேண்டாம் என்று யார் சொன்னது? நானும் கூடப் பாடினேன். ஆனால் 'புரியாது' என்று முடிவு செய்தவர்கள் ஒரு துப்பைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. லோன் கேட்டு வருகிறவரின் விண்ணப்பத்தைப் படிக்காமலே நிராகரித்தால் எங்கள் ஆபீஸில் மெமோ கொடுப்பார்கள்.

இன்னொரு கோஷ்டி, விடை கத்துகிறவர்கள். நாம் துப்பை வாசித்து முடிப்பதற்குள் "மலை!" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இப்போது போனைக் கேட்டாலே ஏதாவது ஒரு விடை வந்துவிடுகிற காலம். விடையில் என்ன இருக்கிறது? 'மலை' என்ற சொல் நமக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். தெரியாமல் இருந்தது, மாலைக்குள் அது நின்றுகொண்டிருக்கிறது என்பதுதான். அதை நாலு பேர் சேர்ந்து 'இப்படியா, அப்படியா' என்று தடவித் தடவிக் கண்டுபிடிக்கிற பத்து நிமிஷம்தான் சரக்கு. அதனால் எங்கள் பால்கனியில் ஒரு சட்டம்: விடை தெரிந்தவர் "கிடைச்சாச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவர் கேட்டால் ஒரு சின்னக் கைகாட்டல், அவ்வளவுதான். மீறினால் அடுத்த வாரம் பஜ்ஜி அவர் வீட்டிலிருந்து. அண்ணாச்சி வீட்டுப் பஜ்ஜி பிரமாதம் என்பதால் அவரை நாங்களே மீற வைப்பது தனிக் கதை.

ஆகவே மகாஜனங்களே, 'ஒத்துவராது' என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லை எடுங்கள். பருப்பு டப்பா லேபிள், காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. தலையை வெட்டிப் பாருங்கள். காலை உடைத்துப் பாருங்கள். திருப்பிப் போடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், தப்பாகப் படித்தால் சிரிக்காதீர்கள், காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆரம்பித்து வைக்க ஒன்று. ஊரைவிட்டு வந்த நமக்கெல்லாம் பொருத்தமானது:

இந்தப் பக்கமாகப் போனாலும் அந்தப் பக்கமாகப் போனாலும் காவிரிக்குப் பிறந்த வீடு (3)

விடையை மட்டும் எழுதுகிறவர்களுக்கு மார்க் கிடையாது. வழியையும் சொல்ல வேண்டும்.